காவலும் காதலும்

தமிழில் தேவர்களைக் குறிக்க வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் 'இமையவர்' என்பது ஒன்று. இமையோர், இமையார் என்றும் சொல்வதுண்டு. வடமொழியில் 'அநிமிஷர்' என்பர். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: கண் இமையாதவர். மக்களாகிய நம்முடைய கண்களோ ஓயாமல் இமைத்துக்கொண்டே இருக்கின்றன. நம் இலக்கண நூலார் எழுத்தொலியின் அளவாகிய மாத்திரையை வரையறுக்கப் புகுந்தபோது, கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையுமே அளவாகக் கொண்டார்கள். இமைப்பு மனிதனுக்கு அவ்வளவு இயல்பானது. ஆகவே இமைப்பது மனிதக் கண், இமையாதது தெய்வக் கண் என்று முன்னோர் ஓர் எல்லை வகுத்தனர்.

இமையாத கண் என்றால் எப்பொழுதும் பார்த்துக்கொண்டிருக்கும் கண் என்று பொருள். நம்மை ஒருவர் எப்பொழுதும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்னும் எண்ணம் நமக்கு ஆறுதல் தருவதா? அச்சம் தருவதா? உலகத்துச் சமய நூல்களும், புராணங்களும், புனைகதைகளும் இந்தக் கேள்விக்குப் பலவாறு விடை கூறியிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் நம் மொழியையே கேட்போம். 'கா' என்பது ஓர் எழுத்தால் ஆகிய வினையடி. அதிலிருந்து 'காத்தல்' பிறந்தது. அதற்குத் துன்பம் வாராமல் பாதுகாத்தல் என்று பொருள். 'காவல்' பிறந்தது, வாயிற்காவலும் காவல்தான், குற்றவாளியை அடைத்து வைப்பதும் காவல்தான். 'காத்திருத்தல்' பிறந்தது, அன்புக்கு உரியவர் வருமளவும் வழி பார்த்திருப்பதை அச்சொல் குறிக்கும். குழந்தையின் கையில் அணிவிக்கும் வளையும் 'காப்பு'. நூலின் தொடக்கத்தில் பாடும் கடவுள் வணக்கமும் 'காப்பு'. ஒரே வேரிலிருந்து சிறையும் பிறக்கிறது, தாய்மடியும் பிறக்கிறது. கண் விழித்திருத்தல் இரண்டுக்கும் பொது. எதற்காக விழித்திருக்கிறோம் என்பதிலேதான் வேறுபாடு இருக்கிறது.

வேத காலத் தெய்வங்களுள் வருணனை எடுத்துக்கொள்வோம். பிற்காலத்தில் அவன் கடலுக்கும் நீருக்கும் தலைவன் என்ற அளவில் நின்றுவிட்டான். ஆனால் ருக்வேதத்தில் அவன் 'ருதம்' எனப்படும் உலக ஒழுங்கின் காவலன். கதிரவனே அவனுக்கும் மித்திரனுக்கும் கண். அவனுக்கு ஒற்றர்கள் உண்டு. அவர்கள் எங்கும் சூழ்ந்திருந்து பார்க்கிறார்கள். அதர்வவேதத்தின் நான்காம் காண்டத்தில் வருணனைப் பற்றிய பாடல் ஒன்று உண்டு. இருவர் மறைவாக அமர்ந்து சூழ்ச்சி பேசினாலும் மூன்றாமவனாக வருணன் அங்கே இருக்கிறான் என்னும் கருத்து அதில் வருகிறது. மக்களுடைய கண்ணிமைப்புகளின் கணக்குக்கூட அவனிடம் இருக்கிறதாம். இமையாத தேவன் இமைக்கும் மனிதனின் இமைப்பை எண்ணுகிறான்! ஒளிந்துகொள்ள இடமில்லாத அச்சத்தை இதைக் காட்டிலும் வலிமையாகச் சொல்வது அரிது.

ஆயினும் ருக்வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் இதே வருணனை நோக்கி வசிட்டர் பேசும் பாடல்கள் உள்ளன. தாம் செய்த பிழை யாது என்று அவர் கேட்கிறார். முன்னொரு நாள் இருவரும் ஒரே படகில் கடலில் சென்றதை நினைவூட்டுகிறார். அந்தப் பழைய நட்பு எங்கே போயிற்று என்று ஏங்குகிறார். கணக்கு எழுதும் அதிகாரியிடம் யாரும் இவ்வாறு பேசுவதில்லை. தம்மைப் பார்க்கும் கண்ணுக்குப் பின்னால் தம்மை அறிந்த ஒரு நெஞ்சமும் இருக்க வேண்டும் என்பது வசிட்டரின் வேண்டுகோள். தண்டனைக்கு அஞ்சியதைக் காட்டிலும் நட்பு முறிந்ததற்கே அவர் மிகுதியும் வருந்துகிறார். காவலும் காதலும் ஒன்றையொன்று தேடுவதை இவ்வளவு பழைய நூலிலேயே காண்கிறோம்.

அன்பு சிறிதும் கலவாத காவலுக்கு ஐரோப்பியப் புராணத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உரோமக் கவிஞர் ஓவிட் கி.பி. 8-ஆம் ஆண்டளவில் முடித்த 'உருமாற்றங்கள்' என்ற காவியத்தில் அதனை விரிவாகக் கூறுகிறார். ஈயோ என்பவள் ஆற்றுத் தேவனாகிய இனாக்கஸின் மகள். தேவர்க்கரசனாகிய ஜூபிட்டர் அவளை விரும்பினான். தன் மனைவி ஜூனோ கண்டுவிடாதபடி அவளை வெள்ளைப் பசுவாக மாற்றினான். ஜூனோவுக்கு ஐயம் தீரவில்லை. அப்பசுவைத் தனக்குப் பரிசாகக் கேட்டுப் பெற்று, ஆர்கஸ் என்பவனிடம் காவலுக்கு விட்டாள். ஆர்கஸுக்கு நூறு கண்கள். அவற்றுள் இரண்டிரண்டாக மாறி மாறி உறங்கும், ஏனையவை விழித்திருக்கும். அவன் எப்பக்கம் திரும்பி நின்றாலும் ஈயோ அவன் பார்வையிலேயே இருந்தாள்.

ஒரு நாள் ஈயோ தன் தந்தையின் ஆற்றங்கரைக்கு வந்தாள். தந்தையும் அவளை அறியவில்லை. ஏதோ அழகிய பசு என்று எண்ணிப் புல் பறித்துக் கொடுத்தார். அவள் தன் குளம்பினால் மண்ணில் தன் பெயரை எழுதினாள். இலத்தீனில் அப்பெயருக்கு இரண்டே எழுத்துகள். ஒன்று கோடு, மற்றொன்று வட்டம். ஆதலால் குளம்பினாலும் எழுத முடிந்தது. தந்தை அதைப் படித்தார். மகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆர்கஸோ அவளைத் தந்தையிடமிருந்து பிரித்து வேறு மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றான். நூறு கண்களும் கண்டது ஒரு பசுவை மட்டுமே. இரண்டு கண்கள் கண்டது ஒரு மகளை.

முடிவில் மெர்க்குரி என்னும் தேவன் குழல் ஊதியும் கதை சொல்லியும் நூறு கண்களையும் உறங்கச் செய்து ஆர்கஸைக் கொன்றான். ஜூனோ அக்கண்களை எடுத்துத் தன் பறவையாகிய மயிலின் தோகையில் பதித்தாள். மயில் தோகையில் கண் அமைந்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் இது. அக்கண்கள் இப்பொழுது எதையும் பார்ப்பதில்லை. அழகுக்காக மட்டும் இருக்கின்றன.

இந்த ஆர்கஸுக்குக் கிரேக்க மொழியில் 'பனாப்டீஸ்' என்ற அடைமொழி உண்டு. 'எல்லாம் காண்பவன்' என்பது பொருள். ஆங்கில அறிஞர் ஜெரிமி பெந்தாம் தாம் வகுத்த சிறைச்சாலைத் திட்டத்திற்கு அதே சொல்லின் வழியில் 'பனாப்டிகான்' என்று பெயரிட்டு, 1791-இல் நூலாக வெளியிட்டார். வட்டமான கட்டடம், சுற்றிலும் அறைகள், நடுவிலே ஒரு கோபுரம். கோபுரத்தில் இருப்பவன் எல்லாரையும் காணலாம். அவனை யாரும் காண முடியாது. அவன் பார்க்கிறானா இல்லையா என்பது தெரியாமையால், ஒவ்வொருவனும் எப்பொழுதும் பார்க்கப்படுவதாகவே எண்ணி ஒழுங்காக நடப்பான் என்பது அவர் கருத்து. புராணத்தில் ஒரு பூதமாக நின்றது, 18-ஆம் நூற்றாண்டில் ஒரு கட்டடமாயிற்று. இன்று தெரு முனைதோறும் நிற்கும் கண்காணிப்புக் கேமராவாகவும் அது இருக்கிறது.

இனி நம் நாட்டுக் கதை ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மகாபாரதத்து வனபருவத்தில், நாடிழந்து வருந்தும் தருமனுக்குப் பிருகதசுவர் என்ற முனிவர் நளன் கதையைக் கூறுகிறார். தமிழில் புகழேந்திப் புலவர் அதனை நளவெண்பாவாகப் பாடினார். அதிவீரராம பாண்டியர் நைடதமாகப் பாடினார். ஐரோப்பாவில் பிரான்ஸ் பாப் என்ற மொழியறிஞர் 1819-இல் இலத்தீன் மொழிபெயர்ப்புடன் அதனைப் பதிப்பித்தார். இவ்வளவு பேரைக் கவர்ந்த அக்கதையில் நம்முடைய பொருளுக்கு ஏற்ற நிகழ்ச்சிகள் மூன்று உண்டு.

முதலாவது, சுயம்வரம். தமயந்தி நளனையே மணப்பது என்று உறுதி கொண்டாள். அவளை விரும்பி இந்திரன், அக்கினி, வருணன், எமன் என்ற நால்வரும் நளனுடைய வடிவத்திலேயே வந்து அமர்ந்தனர். எதிரே ஐந்து நளன்கள்! தமயந்தி தேவர்களையே வேண்டினாள். தன் மனமும் சொல்லும் நளனை விட்டு விலகியதில்லை என்பது உண்மையானால், அவர்கள் தம் உண்மை வடிவத்தைக் காட்ட வேண்டும் என்று கேட்டாள். அவளுடைய உறுதியைக் கண்டு தேவர்கள் தங்கள் அடையாளங்களை வெளிப்படுத்தினர். நால்வரின் கண்களும் இமைக்கவில்லை, மேனி வியர்க்கவில்லை, மாலை வாடவில்லை, கால் நிலம் தோயவில்லை. ஐந்தாமவனுக்கு நிழல் விழுந்தது, மாலை வாடியிருந்தது, மேனியில் தூசியும் வியர்வையும் இருந்தன, கண் இமைத்தது. தமயந்தி இமைக்கும் கண்ணுடையவனுக்கே மாலை சூட்டினாள். களைத்துப் போகக்கூடியவனை, உறங்கக்கூடியவனை, ஒரு நாள் தன்னைக் கைவிடவும் கூடியவனை, அறிந்தே அவள் தேர்ந்தாள். தேவர்களும் சினவாமல் நளனுக்கு வரங்கள் தந்து சென்றனர். நீரை நினைத்த இடத்தில் பெறும் வரத்தைத் தந்தவன், இமைப்புகளை எண்ணும் அதே வருணன்.

இரண்டாவது, கலியின் காவல். சுயம்வரத்துக்குக் காலம் தாழ்ந்து வந்த கலி, தமயந்தி ஒரு மனிதனுக்கு மாலையிட்டதைக் கேட்டுச் சினந்தான். நளனைக் கெடுப்பதாகச் சூளுரைத்து அவனருகிலேயே தங்கினான். அறவழி நிற்கும் அரசனிடம் புக வழியில்லை. ஆகவே காத்திருந்தான். பன்னிரண்டாம் ஆண்டில் நளன் கால் கழுவாமல் மாலைக் கடன் செய்தான். அந்தச் சிறு பிழை போதுமானதாயிற்று. கலி அவனுள் புகுந்தான். தாய்கூடத் தன் மகனை இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க மாட்டாள். ஆனால் அத்தனை ஆண்டு விழிப்பும் ஒரு குற்றத்துக்காகவே. அவன் செய்த நூறு நன்மைகளும் கலியின் கண்ணில் படவில்லை.

மூன்றாவது, தமயந்தியின் காவல். சூதில் நாடிழந்த நளன், உறங்கும் மனைவியின் ஆடையில் பாதியை அறுத்துக்கொண்டு, அவளைக் காட்டில் விட்டுச் சென்றான். பின்னர் உருமாறி, வாகுகன் என்ற பெயருடன் ஒரு தேரோட்டியாக அவள் தந்தையின் நகருக்கு வந்தான். தமயந்தி கேசினி என்ற தோழியை அனுப்பி, அவன் செய்வன யாவற்றையும் கவனித்து வரச் செய்தாள். வெற்றுக் குடம் அவன் பார்த்ததும் நீரால் நிரம்பியது. புல்லில் தானே தீ மூண்டது. தேவர் தந்த வரங்கள் இங்கே சாட்சி கூறின. அவன் சமைத்த உணவைக் கொண்டுவரச் செய்து சுவைத்துப் பார்த்தாள். இறுதியில் பிள்ளைகளை அவனிடம் அனுப்பினாள்; அவர்களைத் தழுவிக்கொண்டு அவன் கண்ணீர் விட்டான். கலியும் மறைந்திருந்து பார்த்தான். தமயந்தியும் மறைவிலிருந்து பார்க்கச் செய்தாள். அவன் அழிப்பதற்குப் பிழையைத் தேடினான். அவள் மீட்பதற்கு உண்மையைத் தேடினாள்.

அப்படியானால் அன்பு எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டுமா? இதற்கு ஒரு புனைகதை விடை சொல்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அபுலேயஸ் என்பவர் இலத்தீனில் ஒரு நாவல் எழுதினார். 'பொற்கழுதை' என்ற பெயரால் அது அறியப்படுகிறது. அதிலே, கொள்ளையரால் சிறைபிடிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஒரு கிழவி சொல்லும் கதையாக 'சைக்கி'யின் வரலாறு வருகிறது. சைக்கி என்றால் கிரேக்க மொழியில் ஆன்மா என்று பொருள். அவளுடைய கணவன் இருளில் மட்டுமே வருவான். தன் முகத்தைக் காண முயலக் கூடாது என்பது அவன் கட்டளை. பொறாமை கொண்ட தமக்கையர், அவன் ஒரு பாம்பாக இருப்பான் என்று சொல்லி அவள் மனத்தைக் கலைத்தனர். ஓர் இரவு அவள் விளக்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு உறங்கும் கணவனைப் பார்த்தாள். அங்கே படுத்திருந்தவன் காதல் தெய்வமாகிய கியூபிட். விளக்கிலிருந்து கொதிக்கும் எண்ணெய்த் துளி ஒன்று அவன் தோளில் விழுந்தது. அவன் விழித்தான், பறந்து போனான்.

அவளது விளக்கு பொய் சொல்லவில்லை. அது காட்டியது உண்மையே. எனினும் அவளுடைய மற்றொரு கையில் கத்தி இருந்தது. ஐயத்தோடு ஏந்திய விளக்கு உண்மையைக் காட்டும்போதே சுட்டும்விடுகிறது. அதன் பிறகு அவள் பட்ட துன்பங்கள் பல. கடைசியில், திறக்கலாகாத பெட்டி ஒன்றைத் திறந்து சாவு போன்ற உறக்கத்தில் வீழ்ந்தாள். அப்பொழுது கியூபிட்டே வந்து அவ்வுறக்கத்தைத் துடைத்து அவளை எழுப்பினான். முன்பு அவன் உறங்க அவள் பார்த்தாள்; பின்பு அவள் உறங்க அவன் பார்த்தான். அப்பொழுது அவன் கையில் ஐயம் இல்லை.

இதனோடு விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னியர் உவமையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மணமகனை எதிர்கொள்ளப் பத்துப் பேர் விளக்குடன் சென்றனர். அவன் வரத் தாமதமாயிற்று. அறிவுள்ள ஐவர், அறிவில்லாத ஐவர் என்று பிரித்துக் கூறும் அவ்வுவமையில், பத்துப் பேருமே உறங்கிவிட்டனர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நள்ளிரவில் அழைப்பு வந்தபோது ஐவரிடம் எண்ணெய் இருந்தது, ஐவரிடம் இல்லை. உடல் களைத்து உறங்கியதற்காக யாரும் தள்ளப்படவில்லை. மனிதரால் இயலும் விழிப்பு இன்னது என்பதை அவ்வுவமை அறிந்து பேசுகிறது. ஆயத்தமாக இருத்தலே அந்த விழிப்பு. சைக்கியின் விளக்கு சோதிக்க எடுத்தது. கன்னியரின் விளக்கு வரவேற்க எடுத்தது.

மனிதன் உறங்கியாக வேண்டியவன் என்பதனாலேதான், உறங்காத இறைவனைச் சமய நூல்கள் பேசுகின்றன. எருசலேமுக்கு யாத்திரை செல்வோர் பாடிய பாடல்களுள் ஒன்று 121-ஆம் சங்கீதம். எட்டே வசனங்கள் கொண்டது. காத்தல் என்னும் பொருளுடைய ஒரே எபிரேயச் சொல் அதில் ஆறு முறை வருகிறது. மலை வழியில் செல்லும் பயணி இரவில் கண்ணயர வேண்டும். அவனைக் காப்பவருக்கு உறக்கம் இல்லை என்பதே அப்பாடலின் உயிர்ப்பொருள். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 255-ஆம் வசனமும், இறைவனை உறக்கமோ சிற்றுறக்கமோ அணுகுவதில்லை என்றும், விண்ணையும் மண்ணையும் காப்பது அவனுக்குச் சுமையாவதில்லை என்றும் உணர்த்துகிறது. இங்கே இமையாத கண் ஆர்கஸின் கண் அன்று. அது விழித்திருப்பது நாம் நிம்மதியாக உறங்குவதற்காக.

இதுகாறும் இறைவன் மனிதனைக் காப்பதைப் பார்த்தோம். மனிதன் இறைவனைக் காக்க முடியுமா? அறிவு இதைக் கேட்டுச் சிரிக்கும். ஆனால் அன்பு அறிவின் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் கண்ணப்பர் வரலாறு அதற்குச் சான்று. வேடர் தலைவராகிய திண்ணனார் வேட்டையாடி வரும் வழியில், இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள திருக்காளத்தி மலையில் சிவலிங்கத்தைக் கண்டார். கண்டவுடன் அவருக்குத் தோன்றிய எண்ணம் என்ன தெரியுமா? கொடிய விலங்குகள் திரியும் இக்காட்டில் இவர் தனியே இருக்கிறாரே, இவருக்குத் துணை யார் என்பதுதான். உலகைக் காப்பவனைத் தாம் காக்க வேண்டும் என்று இரவு முழுவதும் வில்லேந்திக் கண் துஞ்சாமல் நின்றார். விடிந்தபின் வேட்டைக்குச் சென்று, சுவைத்துப் பார்த்த இறைச்சியும், வாயில் கொண்ட நீரும், தலையில் சுமந்த மலரும் கொண்டு வந்து படைத்தார்.

முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் இறைச்சியையும் எலும்பையும் கண்டு துடித்தார். இறைவன் அவர் கனவில் தோன்றி, மறுநாள் மறைந்திருந்து பார்க்குமாறு பணித்தான். ஆறாம் நாள் அவர் ஒளிந்திருந்தார். திண்ணனார் வந்தபோது இறைவனின் வலக்கண்ணிலிருந்து குருதி வழிந்தது. பச்சிலை பிழிந்தும் நிற்கவில்லை. தம் கண்ணைப் பெயர்த்து அப்பினார்; நின்றது. உடனே மற்றைக் கண்ணிலும் குருதி வழிந்தது. இரண்டாவது கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று தம் காலை அங்கே ஊன்றிக்கொண்டு கண்ணை எடுக்க முனைந்தார். இறைவனின் கை வந்து தடுத்தது.

இக்கதையில் விழித்திருப்போர் மூவர். இமையாத இறைவன் ஒருவன். இரவெல்லாம் இமைக்காமல் நின்ற வேடர் ஒருவர். தவறு செய்தவன் யார் என்று அறிய ஒளிந்திருந்த அந்தணர் ஒருவர். பிழையைக் காண வந்த அவருடைய கண்கள் அன்பைக் கண்டன. கண்ணப்பருக்குக் கிடைத்த பேறு பெரிது. எனினும் சிவகோசரியாருக்குக் கிடைத்ததும் சிறிதன்று. வெறுப்போடு பார்க்கத் தொடங்கி, வியப்போடு பார்த்து முடிக்கும் பேறு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

மாணவ நண்பர்களே, நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், மாணவரைக் கண்காணிப்பதும் வகுப்பை நடத்துவதன் ஒரு பகுதி என்று கற்பித்தார்கள். அது உண்மையே. ஆனால் கண்காணிப்பிலும் இருவகை உண்டு என்பதை மாணவர் விடுதியில்தான் கண்டேன். இரவுப் படிப்பு வேளையில் ஆசிரியர் இருவர் முறை வைத்துச் சுற்றி வருவர். ஒருவர் கையில் குறிப்பேடு இருக்கும். தூங்கி வழிபவர் பெயர் அதில் ஏறும். மற்றவர் மேசை மீது தலை சாய்த்த பையனின் விளக்கைத் தணித்து, திறந்து கிடக்கும் புத்தகத்தில் பக்க அடையாளம் வைத்து மூடிவிட்டுப் போவார். காலையில் நான்கு மணிக்கு அவரே வந்து எழுப்புவார். இருவரும் கடமை தவறாதவர்கள். முதல்வரின் செருப்பொலி கேட்டால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டாமவர் விடுமுறையில் இருந்த நாள்களிலும் அவர்கள் தாமே நான்கு மணிக்கு எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களை இன்று பல கண்கள் பார்க்கின்றன. பள்ளி நடைகூடத்தில் கேமரா பார்க்கிறது, கையிலுள்ள அலைபேசி நீங்கள் போகும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்கிறது, பெற்றோரும் பார்க்கின்றனர். நீங்களும் பிறரைப் பார்க்கிறீர்கள். நண்பனின் அலைபேசியை அவன் அறியாமல் திறந்து பார்ப்பதும், யாருக்கு யார் என்ன எழுதினார் என்று துருவுவதும் அன்பின் அடையாளம் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணத் தோன்றும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பார்வை கலியைப்போல் பிழையைத் தேடுகிறதா, தமயந்தியைப்போல் ஆளைத் தேடுகிறதா? பார்க்கப்படுபவர் எனக்கு ஒரு பெயரும் நெஞ்சமும் உடைய மனிதரா, ஆர்கஸுக்கு ஈயோ இருந்ததுபோல் ஒரு பொருளா? இந்தக் காவலுக்காக நான் எதையேனும் இழக்க ஆயத்தமாக இருக்கிறேனா? கண்ணப்பர் உறக்கத்தை இழந்தார். பின்னர்க் கண்ணையே தந்தார். ஆர்கஸ் தன் காவலில் தானாக எதையும் தரவில்லை.

உங்களைக் காப்பவர்களின் பார்வையையும் இக்கேள்விகளால் அளந்து பார்க்கலாம். அளக்கும்போது நியாயமாக அளக்க வேண்டும். நள்ளிரவில் நீங்கள் வீடு திரும்புமளவும் வாயிற்படியில் உட்கார்ந்திருக்கும் தாயின் கேள்வி சில வேளை காவலரின் விசாரணையைப் போலவே ஒலிக்கும். ஆனால் அவர் அதுவரை உண்ணாமல் இருந்தார் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். அவரிடம் கேள்வி இருந்தது, கத்தி இல்லை.

நாம் இமையவர் அல்லர், இமைக்கும் கண்ணுடையவர்கள். எல்லாரையும் எப்பொழுதும் பார்த்திருக்க நம்மால் ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் ஒருவர் பக்கத்தில் ஓர் இரவு விழித்திருக்கலாம். தேர்வில் தோற்றுத் தனியே போகும் தோழனை, அவன் பேசும் நிலைக்கு வருமளவும் பின்தொடர்ந்து செல்லலாம். பிறர் தாமே சொல்ல விரும்பாத ஒன்றைக் காண நேர்ந்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம். இவை மூன்றும் காவலே, மூன்றும் காதலே. இவற்றைப் பழகிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.